ஊழியும் மீளாமையும்

காவிரிப் படுகையில் உலகப் பேரழிவைப் பற்றிய இரண்டு பதிவுகள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. ஒன்று கும்பகோணத்திலும் சீர்காழியிலும் தலபுராணமாக வழங்குவது. மற்றொன்று கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பாறையாகப் படிந்திருப்பது. ஆதிகும்பேசுவரர் கோயிலிலிருந்து செந்துறைப் பக்கத்து நின்னியூர்வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். பழைய உலகம் ஒன்று முடிந்து புதியது தொடங்கியதை இரண்டுமே சொல்கின்றன. முடிந்தது திரும்பி வருமா என்ற கேள்விக்கு மட்டும் இரண்டும் வெவ்வேறு விடை தருகின்றன.

சமயமும் பரிணாமக் கொள்கையும் மோதும் இடம் படைப்பு என்று வழக்கமாகச் சொல்வார்கள். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதா, கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவானதா என்ற அந்தச் சண்டை விவிலியத்தை நம்பிய நாடுகளில் மூண்டது. தஞ்சைத் தரணியின் சைவத்துக்கு அது சொந்தச் சண்டை அல்ல. கற்பனைக்கு எட்டாத நீண்ட காலம் அதற்குப் பழகிய செய்தி. இங்கே ஆராய வேண்டியது அழிவு. அழித்தலையும் அருளாகக் கருதும் ஒரு தத்துவம், உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக மறைந்து ஒருபோதும் திரும்பாத வரலாற்றை எப்படி ஏற்கும் என்பதே கேள்வி.

கும்பகோணத்துத் தலவரலாறு இது. பிரளயம் நெருங்கியபோது, வெள்ளம் வடிந்தபின் படைப்பை எதிலிருந்து தொடங்குவது என்று பிரமன் கவலைப்பட்டுச் சிவபெருமானிடம் முறையிடுகிறான். அமுதத்தையும் படைப்பின் வித்துகளையும் ஒரு மண்குடத்தில் இட்டு, மாவிலையும் தேங்காயும் வைத்து, மேருவின் உச்சியில் ஏற்றும்படி கட்டளை பிறக்கிறது. வெள்ளம் குடத்தைத் தெற்கே கொண்டுவந்து ஓரிடத்தில் நிறுத்துகிறது. வேடராக வந்த இறைவன் அம்பெய்து குடத்தை உடைக்க, அமுதம் வழிந்து மகாமகக் குளத்திலும் பொற்றாமரைக் குளத்திலும் தங்குகிறது. அமுதத்தில் நனைந்த மணலைக் கூட்டி இறைவனே இலிங்கம் அமைத்தார் என்பதால், இன்றும் மூலவருக்கு நேராக நீர் அபிஷேகம் செய்வதில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் கடைசியாக 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல்.

சீர்காழியின் கதை வேறு விதமானது. ஊழி வெள்ளத்தில் அறுபத்துநான்கு கலைகளையும் ஆடையாக அணிந்து, பிரணவத்தைத் தோணியாக்கி, உமையோடு மிதந்து வந்த இறைவன் அங்கே தங்கினார் என்பது ஐதிகம். தோணியப்பர் கீழே கருவறையில் இல்லாமல் மேல்தளத்தில் எழுந்தருளியிருக்கிறார்.

இரண்டு கதைகளிலும் காப்பாற்றப்படுவது எது என்று கவனிக்க வேண்டும். கும்பகோணத்தில் வித்து; சீர்காழியில் கலை. நோவாவின் பேழையில்போல விலங்குகள் சோடி சோடியாக ஏறவில்லை. உருக்கொண்ட எதுவும் மறுகரை சேரவில்லை. உருவெடுக்கும் ஆற்றல் மட்டும் சேர்ந்தது. சைவ சித்தாந்தம் தருக்கமாகச் சொல்வதைப் புராணம் கதையாகச் சொல்கிறது.

அந்தத் தருக்கம் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தில் இருக்கிறது. 12 சூத்திரமே கொண்ட சிறிய நூல். அதற்கு மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற விரிவு செய்தார். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் மாபாடியம் என்ற பேருரை எழுதினார். திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் இந்த நூல்களைப் பாடம் சொல்லும் மரபு பல நூற்றாண்டுப் பழக்கம் உடையது. ஆகவே இது வெளியூர்த் தத்துவம் அல்ல. வயலும் மடமும் சேர்ந்து வளர்த்த தத்துவம்.

முதல் சூத்திரத்தின் கருத்து இது. உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது. ஆகவே அதற்கு ஒரு வினைமுதல் உண்டு. எவன் ஒடுக்குகிறானோ அவனே தோற்றுவிப்பவன். படைப்பவனை முதல்வன் என்று சொல்லாமல், ஒடுக்குபவனை முதல்வன் என்று சொல்லும் துணிவு இந்தச் சூத்திரத்தின் தனித்தன்மை. எல்லாம் ஒடுங்கும்போது ஒடுங்காமல் எஞ்சி நிற்பவனால்தான் மறுபடி தொடங்க முடியும் என்பது அதன் நியாயம். ஒடுங்குவதும் இல்லாமல் போவது அல்ல. உடம்பு, கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கும் மாயை என்னும் முதற்பொருளிலிருந்து விரிந்து அதிலேயே சுருங்குகின்றன. உயிர்கள் படைக்கப்பட்டவை அல்ல; அழிபவையும் அல்ல. பிறந்தும் இறந்தும் களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் கொடுப்பதே சங்காரம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலும் இப்படி ஒரே கருணையின் செயல்களாகின்றன. சோழர் காலத்து வார்ப்புச் சிற்பிகள் நடராசர் கையில் நெருப்பை ஏந்தவைத்ததற்கும் இதுவே பொருள். அழிவைக் கடவுளின் கோபமாகவோ கைவிடலாகவோ காணாமல் ஓய்வாகக் கண்ட இந்த விடை, உலகச் சமயங்கள் தந்த விடைகளில் மிகக் கனிவான ஒன்று.

இனி பாறை. கோண்டுவானாப் பெருங்கண்டம் பிளந்து இந்தியா விலகத் தொடங்கியபோது கிழக்கு ஓரத்தில் நிலம் பள்ளமாக இறங்கியது. அதில் கடல் புகுந்தது, பின்வாங்கியது, மீண்டும் புகுந்தது. டெல்டாவின் வண்டல் அண்மைக் காலத்தது. அதன் அடியில் அந்தப் பழைய கடலின் படிவுகள் கிலோமீட்டர் கணக்கில் அடுக்கியிருக்கின்றன. நரிமணத்திலும் குத்தாலத்திலும் எண்ணெய்க் கிணறு இறக்கியவர்கள் துளைத்துச் சென்றது இந்த அடுக்குகளைத்தான். வடமேற்கே அவை வெளியே தலைகாட்டும் இடம் அரியலூர்ப் பகுதி. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய ஓடுகளை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹென்றி பிளான்ஃபோர்டு எழுதிய விரிவான அறிக்கை 1862இல் வந்தது. டார்வினின் நூல் வெளியாகி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா இந்த ஓடுகளைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். ஊட்டத்தூர், அரியலூர், நின்னியூர் என்ற ஊர்ப்பெயர்கள் உலகப் புவியியல் ஏடுகளில் ஏறியது இப்படித்தான்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழைநீர் அரித்த களிமண் மேடுகள் வரிசையாக நிற்கின்றன. சரிவெங்கும் ஜிப்சத் தகடுகள் வெயிலில் மின்னும்; இடையிடையே விரல் பருமனில், ஒரு முனை கூரான பெலம்னைட் குச்சிகள் கிடக்கும். அவை கணவாயின் உறவினங்களுடைய உள்ளோடுகள். அவற்றோடு அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓடுகளும் உண்டு. ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், சுருளின் உள்ளே வரிசையாக அறைகள், அறைகளுக்கு நடுவே மெல்லிய தடுப்புகள், அவற்றைத் துளைத்துக்கொண்டு வெளிவிளிம்பை ஒட்டி ஓடும் ஒரு நுண்குழாய். உயிரி கடைசி அறையில் வாழ்ந்தது. பின்னறைகளில் நீரையும் வளியையும் கூட்டிக் குறைத்து மிதந்தது. தடுப்புச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு இலைவிளிம்பு போல மடிந்து மடிந்து செல்லும். அந்த மடிப்பைக் கொண்டே இனத்தைப் பிரித்தறிகிறார்கள்.

காரையிலிருந்து கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறையும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையானது. கிளிஞ்சலும் சிப்பியும் செறிந்தே கல்லானது. அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுப்பது இதைத்தான். டெல்டாவின் வீட்டுச் சுவர்களிலும் மதகுகளிலும் இன்று அந்தக் கடலின் ஓடுகள் பொடியாகிக் கலந்திருக்கின்றன. அதற்கு மேலே கல்லமேட்டு மணற்கல். கடல் பின்வாங்க, ஆறு கொட்டிய மணல் அது. டைனோசர் எலும்புகள் அதில் கிடைத்தன. 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த ப்ருஹத்காயோசாரஸ் இங்கிருந்து வந்தது. எலும்புகள் பொடிந்துபோனதால் அதன் அளவைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். கடல் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அம்மோனைட் இல்லை, டைனோசர் இல்லை. ஆற்று மணல் குறுக்கிட்டதால் அந்த முடிவுத் தருணம் இங்கே ஒரே கோடாகப் பதியவில்லை. கோட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு உலகங்கள் தெளிவாகப் பதிந்திருக்கின்றன.

நடுவில் நடந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முந்திய பேரழிவு. பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத விண்கல் ஒன்று மெக்சிகோவின் சிக்சுலூபில் மோதியது. அங்கே புதைந்திருக்கும் பள்ளத்தின் விட்டம் 180 கிலோமீட்டர் அளவு. அப்படியொரு மோதல் நடந்திருக்க வேண்டும் என்று 1980இல் சான்றோடு சொன்னவர்கள் லூயிஸ் அல்வாரெஸ், வால்டர் அல்வாரெஸ் என்ற தந்தையும் மகனும், அவர்களோடு உழைத்த இருவரும். அதே காலத்தில் இந்தியாவின் மேற்கே தக்காண எரிமலைகள் குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தன. எதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் தொடர்கிறது. உயிரினங்களில் முக்கால் பங்கு மறைந்தது. இதுவும் மிகப் பெரியது அல்ல. 25.2 கோடி ஆண்டுக்கு முன், சைபீரியாவின் எரிமலைப் பெருக்கை ஒட்டி, கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. 44.5 கோடி, 37.2 கோடி, 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தவற்றையும் சேர்த்து ஐந்து பேரழிவுகள் என்று கணக்கிடுவது வழக்கம்.

ஓர் இனம் முற்றாக அழியக்கூடும் என்பதே மனித அறிவுக்குப் புதிய செய்தி. 1796இல் பிரான்சின் குவியே, மாமூத் எலும்புகளை இன்றைய யானைகளோடு ஒப்பிட்டு அதை நிறுவினார். அதன்பின்னும் மனம் எளிதில் ஒப்பவில்லை. நவீனப் புவியியலின் தந்தையருள் ஒருவரான சார்லஸ் லயல் 1830இல் வெளியிட்ட நூலில், புவியின் தட்பவெப்பம் சுழன்று பழைய நிலைக்கு வரும்போது அழிந்துபோன விலங்குகளான இகுவனோடான் காட்டுக்கும் இக்தியோசார் கடலுக்கும் திரும்பலாம் என்று எழுதினார். பிரளயக் கொள்கையைப் பின்பற்றாத ஒரு ஸ்காட்லாந்துக்காரர், கல்லைப் பார்த்து, சுழலும் காலத்தை நம்பினார். கல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுக்குக்கு மேல் அடுக்காகத் தேடியும், மறைந்த இனம் எதுவும் மேலே மறுபடி வரவில்லை.

புராணமும் பாறையும் ஒத்துப்போகும் இடங்களை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. பேரழிவுக்குப் பின் வந்த ஒவ்வோர் உயிரும் முன்பிருந்த ஓர் உயிரின் வழித்தோன்றல் என்பது உயிரியலின் அடிப்படை. முடிவே தொடக்கத்தின் நிபந்தனை என்பதிலும் இரண்டும் நெருங்குகின்றன. டைனோசர் காலம் முழுவதும் பெரும்பாலும் சிறிய உருவிலேயே இருந்த பாலூட்டிகள் யானையாகவும் திமிங்கிலமாகவும் மனிதனாகவும் விரிந்தது இடம் காலியான பிறகுதான்.

இந்த ஒற்றுமையை எல்லை மீறி இழுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாதங்கள் மேடைகளில் அடிக்கடி கேட்கும். பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, ஆகவே முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பது முதலாவது. கலியுகத்தின் 4,32,000 ஆண்டை அடிப்படையாக வைத்துப் பெருக்கி வந்த எண் அது. புவியின் வயது பாறையிலும் விண்கல்லிலும் யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளந்து கண்டது. அருகருகே வந்த இரண்டு எண்கள் ஒன்றையொன்று நிரூபிப்பதில்லை. இரண்டாவது, மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் புல், பூண்டு, புழு, மரம் என்று தாம் கடந்த பிறவிகளை அடுக்குவது டார்வினுக்கு முந்திய பரிணாமக் கொள்கை என்பது. அந்தப் பாடல் சொல்வது ஓர் உயிர் பல உடம்புகளில் புகுந்து இளைத்த கதை. புல் புழுவாக மாறிய கதை அல்ல. உயிர் பயணம் செய்கிறது; உடம்பின் வகைகள் அங்கே அப்படியே நிற்கின்றன. டார்வின் சொன்னது அந்த வகைகளே மாறுகின்றன என்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் மாணிக்கவாசகரின் ஏக்கமும் கெடும், டார்வினின் வாதமும் கெடும்.

வகைகள் நிலையானவை என்ற இந்த எண்ணத்தில்தான் பாறை உண்மையிலேயே முட்டுகிறது. மரபு 84 நூறாயிரம் பிறப்பு வகைகளைச் சொல்கிறது. தேவர் 14, மக்கள் 9, நாற்கால் விலங்கு 10, பறவை 10, நீர்வாழ்வன 10, ஊர்வன 11, தாவரம் 20 நூறாயிரம். ஒவ்வொரு சங்காரத்துக்குப் பிறகும் இந்தப் பட்டியல் மறுபடி விரியும் என்பது பொதுவான நம்பிக்கை. பூமியில் என்றாவது வாழ்ந்த இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துவிட்டன என்று உயிரியல் சொல்கிறது. ஆகவே பட்டியலின் உறுப்புகள் காலந்தோறும் மாறியிருக்கின்றன. காரைக் கடலில் நீந்திய உயிர்க்குக் கிடைத்த உடம்பு, நின்னியூர்க் கடலில் எந்த உயிர்க்கும் கிடைக்கவில்லை.

சித்தாந்தத்துக்கு இது மரண அடியா என்றால், இல்லை. மாயை எண்ணற்ற உருவங்களைத் தாங்கும் ஆற்றலாகவே பேசப்படுகிறது. எந்த உருவங்கள் எப்போது வெளிப்பட வேண்டும் என்று சூத்திரம் வரையறுக்கவில்லை. எண்ணிக்கை நூலின் உயிர்நிலையும் அல்ல. ஒடுங்கிய மாயையிலிருந்து வேறு உருவங்கள் விரிந்தன என்று ஒரு சித்தாந்தி சொல்லலாம். அவருடைய கொள்கை உடையாது. விட்டுக்கொடுக்க வேண்டியது திரும்புதல் என்ற ஆறுதல் ஒன்றைத்தான். உயிருக்கு இழப்பில்லை, உருவுக்கு உண்டு என்று அவர் ஏற்க வேண்டியிருக்கும்.

இதைவிடக் கடினமான கேள்வி வினையைப் பற்றியது. அம்மோனைட்டுகள் எளிதில் மாய்பவை அல்ல. 40 கோடி ஆண்டுக்கு முன்பே தோன்றி, முந்திய மூன்று பேரழிவுகளிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிளைகளாகத் தப்பி, ஒவ்வொரு முறையும் மறுபடி கடலை நிறைத்தவை. நான்காவதில் மீளவில்லை. அவற்றின் உறவான நாட்டிலஸ் வகை தப்பியது. நின்னியூர்க் கல்லிலேயே ஹெர்கோக்ளோசா என்ற நாட்டிலஸ் வகை கிடைக்கிறது; இந்தோ-பசிபிக் கடல்களில் நாட்டிலஸ் இன்றும் வாழ்கிறது. ஒரே மாதிரிச் சுருள், ஒரே மாதிரி அறைகள். வித்தியாசம் குஞ்சில் இருந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அம்மோனைட்டின் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவே. கடலின் மேல்மட்டத்தில் மிதவை உயிர்களோடு திரிந்தது. மோதலின் புழுதி வெயிலை மறைத்து, கடலின் மேல்நீர் அமிலமானபோது அந்த மேல்மட்டமே செத்தது. நாட்டிலஸ் பெரிய முட்டை இடும். குஞ்சு ஓரளவு வளர்ந்தே ஆழத்தில் வெளிவரும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அம்மோனைட்டைப் பெருகச்செய்த அதே குணம் அன்றைக்கு அதைக் கொன்றது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் டேவிட் ராப், இனங்கள் அழிவது கெட்ட மரபணுவாலா, கெட்ட நேரத்தாலா என்ற கேள்வியை 1991இல் தம் நூலின் தலைப்பிலேயே வைத்தார். பெரும்பாலும் நேரம் என்பது அவருடைய முடிவு.

வினைக்கொள்கையை நம்பும் வாசகர் இங்கே நிற்காமல் போக முடியாது. விண்கல் விழுந்த நாளில் அழிந்தவை என்ன வினை செய்தன? சித்தாந்தத்தில் வினை ஒவ்வோர் உயிருக்கும் உரியது. இனத்துக்கு என்று வினை இல்லை. ஆகவே அம்மோனைட் இனம் தண்டிக்கப்பட்டது என்று பேச அந்தத் தத்துவத்திலேயே இடமில்லை. பேரிடரில் மாண்டவர்கள் செய்த பாவம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்பவர்கள் இதைக் கருத வேண்டும். வெள்ளமும் இடியும் தரும் துன்பத்துக்கு ஆதிதைவிகம் என்று மரபு தனிப்பெயர் வைத்திருக்கிறது. அதையும் வினைவழி வருவதாகவே சாத்திரம் சொல்லும். ஆனால் குறுகிய காலத்தில் கடலின் மேல்மட்டமே மாய்ந்ததை உயிர்தோறும் வினை முதிர்ந்த தற்செயல் என்று விளக்குவது கடினம். இந்த இடத்தில் இளைப்பாறுதல் என்ற விடை வினை என்ற விடையைவிட உறுதியாக நிற்கிறது. சங்காரம் தண்டனை அல்ல என்று அருணந்தியார் வற்புறுத்தியதன் அருமை, பாறையைப் பார்த்த பிறகு கூடுகிறது.

சித்தியாரின் பரபக்கம் பிற சமயங்களை எடுத்து மறுக்கும்போது உலகாயதனிடமிருந்தே தொடங்குகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு கூடும்போது மூன்றிலும் இல்லாத சிவப்பு வருவதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு வருகிறது என்பது உலகாயதனின் பழைய வாதம். பரிணாமம் நோக்கமில்லாதது என்று வாதிடும் இன்றைய பொருள்முதல்வாதிக்கு மடத்துப் பாடத்தில் பல நூற்றாண்டாக ஓர் இருக்கை போட்டிருக்கிறது. உலகாயதனை விரட்டாமல் முதலில் பேசவிட்டது அந்த நூலின் பெருமை. இன்றைய வாதமும் அங்கேதான் நிற்கிறது. உயிரின் வரலாற்றை மறுபடி ஓடவிட்டால் வேறு உலகம் வரும், மனிதன் வரமாட்டான் என்று ஸ்டீபன் ஜே கூல்ட் 1989இல் எழுதினார். கண்ணும் சிறகும் அறிவும் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே மறுபடி மறுபடி தோன்றியிருக்கின்றன, ஆகவே வழிகள் சிலவே என்று சைமன் கான்வே மாரிஸ் 2003இல் மறுத்தார். காரணத்தில் அடங்கியதே காரியமாக வெளிவரும் என்னும் சற்காரிய வாதம் மாரிஸுக்கு நெருக்கம். ஆனால் எது வெளிவந்தது என்பதை ஒரு கல்லின் வீழ்ச்சி தீர்மானித்தது என்ற அளவில் கூல்ட் சொல்வதும் நிற்கிறது. ஆற்றலை மாயையும் வாய்ப்பை வரலாறும் தந்தன என்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கலாம். சித்தாந்தி அந்த வரலாற்றைத் திருவுள்ளம் என்பார். அதைப் பாறையைக் காட்டி நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

மறுகரை சேர்ந்த வித்துகளைத் தேட டெல்டாக்காரர் தூரம் போக வேண்டியதில்லை. உழும் டிராக்டருக்குப் பின்னால் புழுப் பொறுக்கும் கொக்கு டைனோசர் கிளையின் எச்சம். அதன் காலிலுள்ள செதில் அந்தப் பழைய உடம்பை நினைவூட்டும். நெல்லின் கதை இன்னும் வியப்பானது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் சாணத்தில் புல்லின் சிலிக்கா நுண்துகள்கள் இருப்பதை, லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் வந்தனா பிரசாத்தும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்டார்கள். அதுவரை டைனோசர் காலத்தில் புல் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. 2011இல் அவற்றுள் நெல்லின் குலத்தைச் சேர்ந்த புல்லும் உண்டு என்று காட்டினார்கள். நெல் தாளின் ஓரம் கையை அறுப்பதற்குக் காரணம் இதே சிலிக்காதான். இந்தியா தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது டைனோசர் மேய்ந்த புல்லின் குலம், எரிமலையையும் விண்கல்லையும் தாண்டி, காவிரி வயலில் குறுவையாகவும் சம்பாவாகவும் நிற்கிறது.

மீளாது போனவற்றுக்கும் டெல்டாவின் பூசையறையில் இடம் உண்டு. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமங்களில் பல அம்மோனைட்டுகள், அரியலூரினும் பழைய ஜுராசிக் காலத்தவை. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வைணவ வீடுகளில் அவற்றுக்கு நாள்தோறும் திருமஞ்சனமும் துளசியும் நடக்கின்றன. சீர்காழிப் பக்கத்துத் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார் சாளக்கிராமம் என்னும் தலத்தைப் பாடியிருக்கிறார். சுருளைச் சக்கரமாகக் கண்ட பக்தர்க்கு அது மறைந்த உயிரின் ஓடு என்பது தெரியாது. தெரிந்தால் வழிபாடு குறைய வேண்டிய காரணமும் இல்லை. பிரதிட்டை வேண்டாத, தானே தோன்றிய திருமேனி என்பதே அதன் சிறப்பு. தோன்றிய வகையை இப்போது சற்று விவரமாகச் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, நடந்துகொண்டிருக்கும் அழிவு. காட்டை அழித்தும் ஆற்றை மறித்தும் தட்பவெப்பத்தை மாற்றியும் மனிதன் ஆறாவது பேரழிவைத் தொடங்கிவிட்டான் என்று பல உயிரியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். காவிரி ஆற்றுத் தொகுதியில் மட்டுமே வாழும் திமில் கொண்ட மகசீர் மீன், அறிவியல் பெயர் உறுதியான 2018இலேயே மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. நெல்லின் ரகங்கள் மறைவது இன அழிவு அல்ல, ஆனாலும் அதே திசையில் போவது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, 170க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். அவர் மீட்க முடிந்தது, யாரோ ஒருவர் வீட்டுக் குதிரில் ஒரு பிடி விதை மிஞ்சியிருந்ததால். மகசீருக்குக் குதிர் கிடையாது.

அழித்தலும் அருள்தானே, பிரளயத்துக்குப் பின் எல்லாம் வருமே என்று இதற்குச் சமாதானம் சொல்லச் சாத்திரம் இடம் தருவதில்லை. ஐந்தொழில் இறைவன் ஒருவனுக்கே உரியது. முத்தி பெற்ற உயிர்கூட சிவானந்தத்தை நுகருமே தவிர ஐந்தொழில் செய்யாது என்பது சித்தாந்தத்தின் உறுதியான முடிவு. ஆகவே மனிதன் ஓர் இனத்தை முடித்துவைத்தால் அது சங்காரம் ஆகாது, வினை. இனி அனுபவிக்கவேண்டிய ஆகாமியமாக அவன் கணக்கில் ஏறுவது. ஆனால் கொல்லாமையைப் பேசும் பழைய நூல்கள் ஓர் உயிரைக் கொல்வதையே பேசுகின்றன. ஒரு மீனையும் கையால் கொல்லாமல் ஓர் இனத்தையே முட்டையிட இடமில்லாமல் செய்வது அவற்றின் காலத்துக்குத் தெரியாத குற்றம். அதை அறிய உதவும் கருத்து ஒன்று சித்தாந்தத்தில் இருக்கிறது. உடம்பு, உயிர்கள் மலம் என்னும் மாசு நீங்குவதற்காக இறைவன் இரவல் தந்த கருவி. ஓர் இனம் முடியும்போது இருக்கும் உடம்புகளோடு, இனி வரவிருந்த உடம்புகள் அனைத்தும் இல்லாமல் போகின்றன. பிறந்து பக்குவப்பட வேண்டிய உயிர்களுக்கு ஒரு வழி அடைபடுகிறது. இறைவன் தந்த இரவலை இடையில் புகுந்து தடுப்பது எவ்வகை வினை, அதற்கு யார் பொறுப்பு, ஓர் அணையையோ ஆலையையோ ஊரே சேர்ந்து கட்டும்போது அந்த வினை எப்படிப் பங்காகும் என்பவை, மாபாடியத்துக்குப் பிறகு உரை எழுத வருபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள்.